மத்தாப்புத் தெரு ஸ்டாப்

பார்வதி ஹார்டுவேர்ஸுக்கும் ரோஸி டெய்லருக்கும் நடுவுல ஒரே ஒரு செவருதான், ரெண்டு கடைக்கும் பொதுச் செவரு, ரோஸியக்கா இந்தப் பக்கம் ஆணி அடிச்சா அந்தப் பக்கம் ஹார்டுவேர்ஸ்ல முருகன் காலண்டர் கீழ விழும், இப்பவும் விழுது, ஆனா அந்த ரெண்டு கடைக்கும் நடுவுலதான் மத்தாப்புத் தெருவும் இருக்கு, ஒரு மினி பஸ் தாராளமா போற அகலத்துல, ரெண்டு பக்கமும் நீலக் கதவு வீடுங்களோட, நடுவுல பூத்துக் கொட்டுற வேப்பமரத்தோட. செவரும் தெருவும் எப்படி ஒரே எடத்துல இருக்கும்னு வெளியூர்க்காரங்கதான் கேப்பாங்க. எங்க பனையடிப்பேட்டையில அப்படி யாரும் கேக்கல. எங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருந்துச்சு, அதைத்தான் சொல்ல வர்றேன், முதல்ல இருந்து வர்றேன், அவசரப்படுத்தாதீங்க, எனக்கே அவசரமாத்தான் இருக்கு.

நான் இசக்கி, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில டிசைன் போடுறவ, காதுகுத்து, சடங்கு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலின்னு ஊர்ல எந்த மூஞ்சி செவருக்குப் போனாலும் என் மவுஸைத் தாண்டித்தான் போகணும். ஜெபராஜ் அண்ணன் லோக்கல் கேபிள்காரரு, தினம் ஒரு படம் போட்டு, படத்துக்குக் கீழ ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் காணாமப் போன வெள்ளாட்டையும் எழுத்தா ஓட விடுவாரு. கொம்பையா அண்ணன் மினி பஸ் டிரைவரு, ஊருக்குள்ள பூந்து பூந்து போற அந்தப் பஸ்ல அவரு போடுற பாட்டுதான் பாதி சனத்துக்குக் காலை நேரத்துக் கடிகாரம். எங்க மூணு பேருக்குமே கதைப் பைத்தியம். ஒரு நாள் டீக்கடையில நிக்கும்போது எனக்கு அது தோணிச்சு, தோணின வேகத்துல கையில இருந்த டீயைக் கொட்டிட்டேன். ஒரு கதையை ஏன் ஒரே எடத்துல சொல்லணும்? பிச்சுப் போடுவோம்! காலையில பஸ்ல கொஞ்சம், மத்தியானம் டிவியில கொஞ்சம், சாயங்காலம் செவத்துல கொஞ்சம், மிச்சத்தை ஊரே சொல்லட்டும்!

"கிறுக்கி," ன்னாரு ஜெபராஜ் அண்ணன். "நாளைக்கே ஆரம்பிப்போம்."

ஆரம்பிச்சோம். தாமரைக்கனின்னு ஒருத்தி, கையில ஒரு கூண்டுக்கிளியோட எங்க ஊருக்கு வந்து எறங்குறா, யாரைத் தேடி வந்தான்னு சொல்ல மாட்டா, கிளிதான் சொல்லும், கிளியும் பாதிதான் சொல்லும். காலைப் பஸ்ல பாட்டுக்குப் பதிலா என் குரல், "கிளி என்ன சொல்லிச்சுன்னா" ன்னு நான் நிறுத்துற எடத்துல பஸ்ஸும் பஸ் ஸ்டாண்டுல நின்னுரும், மிச்சம் மத்தியானப் படத்துக்குக் கீழ எழுத்தா ஓடும், அதுவும் முடியாது, சாயங்காலம் ரேஷன் கடைச் செவத்துல போஸ்டரா ஒட்டியிருக்கும், அதுக்கு அடியில ஒரு வாட்ஸ்அப் நம்பர், அடுத்து என்ன நடக்கணும்னு வாய்ஸ் அனுப்புங்க, நல்லா இருக்குறது நாளைக்குக் கதையில வரும். ஐயோ, ஊரு பட்ட பாட்டைப் பாக்கணுமே! பஸ்ல போறவங்க டிவி பாக்குறதில்ல, டிவி பாக்குறவங்க ரேஷன் கடைப் பக்கம் வர்றதில்ல, அதனால ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேட்டே ஆகணும், வரப்புத் தகராறுல பேச்சை நிறுத்தின அண்ணந்தம்பி ரெண்டு பேரு கிளிக்காகப் பேசினாங்க, வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த பொண்டாட்டி "டிவியில என்ன ஓடிச்சு, அதை மட்டும் சொல்லு, வேற ஒண்ணும் பேச வேண்டாம்" ன்னு கேட்டுட்டு, அப்புறம் வேறயும் பேசினா. வாய்ஸ் வந்து வந்து என் ஃபோன் சூடாயி, அதை ஃபேனுக்கு நேரா வச்சுக் காத்து வாங்க வேண்டியதாப் போச்சு.

எல்லா வாய்ஸ்லயும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. தாமரைக்கனி எந்தத் தெரு?

எங்க ஊர்ல இது அட்ரஸ் கேக்குற கேள்வி இல்ல. நீ யாரு, உன் ஆளுங்க யாரு, உன் வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கலாமா, உனக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு அத்தனையும் இந்த ஒரே கேள்வியில அடங்கிரும். மேலத்தெருன்னா ஒரு கணக்கு, கீழத்தெருன்னா ஒரு கணக்கு, நடுவுல இருக்குற எல்லாத் தெருவுக்கும் ஒவ்வொரு கணக்கு. தாமரைக்கனியை எந்தத் தெருவுல குடி வச்சாலும் பாதி ஊரு கதையை விட்டுரும். அப்ப ஜெபராஜ் அண்ணன்தான் சொன்னாரு, "புதுசா ஒரு தெருவை உண்டாக்கிரு." நானும் யோசிக்காம மத்தாப்புத் தெருன்னு பேரு வச்சேன், நீலக் கதவு வச்சேன், வேப்பமரம் வச்சேன், எல்லாத்தையும் வச்சுட்டு, அது யாரோட தெருன்னு சொல்ல மறந்தே போயிட்டேன். எங்க ஊர்க்காரி ஒருத்தி மறக்கக் கூடாத விஷயம் அது. மறந்துட்டேன்.

சாயங்காலம் போஸ்டர் ஒட்டியாச்சு, மத்தியானமே டிவியில ஓடியாச்சு, மறுநாள் காலையில பஸ்ல என் குரல், "ஹார்டுவேர்ஸ் கடையைத் தாண்டினதும் பஸ் இடது பக்கம் திரும்புது, மத்தாப்புத் தெரு ஸ்டாப், எறங்குறவங்க எறங்கலாம்" னு சொல்ல, கொம்பையா அண்ணன் இடது பக்கம் திரும்பினாரு. பஸ் போச்சு. ரோடு இருந்துச்சு, வேப்பம்பூ கண்ணாடியில விழுந்துச்சு, அவரு வைப்பரைப் போட்டாரு. அப்புறமா நான் கேட்டேன், "அண்ணே, அங்க செவருல்ல இருக்கு, எப்படித் திரும்பினீங்க?" "டர்னிங்னு சொன்னா திரும்பத்தானட்டி செய்யணும், என்னத்தக் கேக்க நீ?" முட்டை விக்கிற செல்லக்கிளியக்கா முதல் ஆளா அந்த ஸ்டாப்புல கூடையோட எறங்கி, டிரைவரைப் பாத்து ஒரு சத்தம் போட்டா, "இப்படி ஒரு வழி இருக்குன்னு முன்னாலயே சொன்னா என்னவே? இத்தனை நாளும் முட்டையைத் தூக்கிட்டுச் சுத்திக்கிட்டுல்ல போனேன்!"

அவ்வளவுதான். ஊரு தெருவை எடுத்துக்கிச்சு. முதல்ல நாய்ங்க வந்து எல்லை பிரிச்சுக்கிச்சு, அப்புறம் பால்காரர் வந்து ஒவ்வொரு நீலக் கதவுலயும் மணி அடிச்சுப் பாத்தாரு, அப்புறம் கரண்ட் ரீடிங் எடுக்குறவரு வந்து எல்லா மீட்டரும் பூஜ்யத்துல நிக்குதேன்னு சந்தேகப்பட்டுத் தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போனாரு, கவுன்சிலரு வந்து இது எந்த வார்டு, இங்க ஓட்டு இருக்கா இல்லையான்னு மட்டும் கேட்டுட்டு ஒரு எளநி குடிச்சாரு. தாமரைக்கனி மட்டும் வரவே இல்ல, ஏன்னா அவ கறுப்பா செவப்பா, நெட்டையா குட்டையான்னு ஊரு கடைசி வரைக்கும் ஒத்துப் போகல, ஆளாளுக்கு ஒரு தாமரைக்கனி வச்சிருந்தாங்க. தெருவைப் பத்தி மட்டும்தான் எல்லாரும் ஒரே மாதிரி நெனச்சாங்க போல.

வீடுங்களுக்குப் பின்பக்கம் இல்ல. முன்னாடி அழகா இருக்கும், கதவைத் திறந்து உள்ள போனா ஒரு ஹால், அதுக்கு அங்கிட்டு ஒண்ணுமே இல்ல, வெறும் வெளிச்சம், ஏன்னா நான் அதுவரைக்கும்தான் சொல்லியிருந்தேன். உடனே வாய்ஸ் குமிஞ்சுருச்சு. பின்னாடி ஒரு கெணறு போடும்மா, ஒரு கொய்யா மரம் வை, கோழிக்கு ஒரு கூடு. பஸ், டிவி, செவரு மூணுலயும் ஒரு விஷயம் வந்துட்டா அது மறுநாள் தெருவுல இருக்கும், ரெண்டுல மட்டும் வந்தா ஒரு மாதிரி மங்கலா நிக்கும், தொட்டா கை உள்ள போகும், அதனால சனங்களே ஃபோன் போட்டு "இசக்கி, எங்க ஊஞ்சல் இன்னும் செவத்துல வரலியே" ன்னு ஞாபகப்படுத்துவாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்ணு ஊஞ்சல் கேட்டுச்சு. எடைமேடையில வேலை பாத்து ஓய்வு வாங்கின ஒருத்தரு, காலையிலயும் நிழல் சாயங்காலமும் நிழல் விழுற மாதிரி ஒரு சிமெண்டு பெஞ்சு கேட்டாரு, கெடைச்சுது. பேரு சொல்லாத ஒரு அம்மா, ரொம்ப மெதுவா, பக்கத்துல யாரோ தூங்குற மாதிரி மெதுவா, "உள்பக்கமாத் தாழ்ப்பாள் சரியா விழுற குளிக்கிற ரூம் ஒண்ணு போடும்மா, வேற ஒண்ணும் வேண்டாம்" னு கேட்டா, நான் தெருவுல இருக்குற அத்தனை வீட்டுக்கும் போட்டுட்டேன்.

இப்பத்தான் பலவேசம் அத்தானும் வினோலியாவும் வர்றாங்க.

பலவேசம் என் தாய்மாமா மகன், செல்ஃபோன் ரிப்பேர் கடை வச்சிருக்காரு. எனக்கு அவரு, அவருக்கு நான்னு பொறந்ததுல இருந்து வீட்டுல சொல்லிக்கிட்டே இருந்தாங்க, எங்க ரெண்டு பேருக்குமே அதுல துளி இஷ்டமில்ல, ஒரே குச்சி ஐஸுக்கு மண்டையை உடைச்சுக்கிட்டவங்க நாங்க. அவரு கட்டிக்கிட்டது வினோலியாவை, லேப்ல ரத்தம் எடுக்குற பொண்ணு, ஊசி குத்துறதே தெரியாது, அவ்வளவு மெத்துனு எடுப்பா. அவரு மேலத்தெரு. அவ கீழத்தெரு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலை மாத்திக்கிட்டு வந்தாங்க, மேலத்தெருக் கமிட்டித் தலைவரு எங்க நயினார் மாமா, அதாவது பலவேசத்தோட சொந்த அப்பா, கமிட்டியைக் கூட்டி மைக்ல சொன்னாரு, என் மகனா இருந்தாலும் இந்தத் தெருவுல கால் வைக்கக் கூடாதுன்னு. மாமா பொண்டாட்டி சொர்ணம் அத்தை, பலவேசத்தோட அம்மா, அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல. கீழத்தெருவுலயும் வினோலியா வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. வாடகைக்கு எங்க போனாலும் அந்தக் கேள்விதான், எந்தத் தெரு, ஒருத்தர் ஒண்ணு சொல்ல இன்னொருத்தர் வேற சொல்ல, வீட்டுக்காரரு சாவியைத் திரும்பச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்குவாரு. ரிப்பேர் கடை ஷட்டருக்குப் பின்னாடி, பழைய ஃபோன்களுக்கு நடுவுல படுத்துக்கிட்டிருந்தாங்க.

வினோலியா என் கடைக்கு வந்து கேட்டா, "இசக்கி, அந்த வேப்பமரத்துக்கு எதுத்த வீட்டுக்கு ஓனர் யாரு?"

"யாருமில்ல மதினி. நான் சொல்லவே இல்லையே."

"அப்போ எந்தத் தெருன்னு கேக்குறதுக்கும் ஆள் இல்ல?"

"இல்ல."

அவ சிரிச்சதை நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. அன்னைக்கே ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பிளாஸ்டிக் சேர், ஒரு பை நிறைய சார்ஜர் வயரோட குடி போயிட்டாங்க. பால் காய்ச்சினாங்க, நான் போனேன், ஜெபராஜ் அண்ணன் வந்தாரு, கொம்பையா அண்ணன் பஸ்ஸை நிறுத்தி, பயணிகளையும் கூட்டிட்டு வந்து பால் குடிச்சாரு.

அதுக்கப்புறம்தான் ஊருக்கு உறைச்சுது. அங்க ஆள் குடி வந்தாச்சு, அப்போ அது யாரு தெரு?

நயினார் மாமா ஆளுங்க தெரு முனையில ஒரு வளைவு வைக்கக் கம்பி கொண்டுவந்து எறக்கினாங்க. கீழத்தெரு சவரிமுத்து அண்ணாச்சி ஆளுங்க அதுக்கு எதிர்ல கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டினாங்க. ரெண்டு பக்கமும் வாய்ஸ் அனுப்புறாங்க, "இது எங்க தெருன்னு நாளைக்குக் கதையில சொல்லிரு." சவரிமுத்து அண்ணாச்சி கேட்டதுல நியாயம் இருந்துச்சு, அதையும் சொல்லணும். "எங்க தெருவுக்கு இன்னிக்கு வரைக்கும் குழாய்த் தண்ணி வரல தாயி, இந்த ஊர்ல எங்களுக்குன்னு புதுசா என்னைக்காவது ஒரு தெரு குடுத்திருக்கீங்களா?" ஆனா எந்தப் பக்கம் பேரைச் சொன்னாலும் வேப்பமரத்துக்கு எதுத்த வீடு காலியாயிரும், ஏன்னா ரெண்டு பக்கமும் அந்த ரெண்டு பேரையும் துரத்தினவங்கதான்.

பேசாம இருந்துரலாமேன்னு கேப்பீங்க. இருக்க முடியாது. ஒரு நாள் டிரான்ஸ்பார்மர் வெடிச்சு ஊரெல்லாம் கரண்ட் இல்ல, டிவி இல்ல, என் மெஷின் ஓடல, அன்னைக்குன்னு பஸ் வேற பஞ்சர், கதை நின்னு போச்சு. மறுநாள் மத்தாப்புத் தெருவுல பஸ் திரும்புறப்போ சைடு கண்ணாடி செவத்துல உரசிச்சு. தெரு ஒடுங்கியிருந்துச்சு. வினோலியாவோட சமையல்கட்டு பாதியாக் குறைஞ்சு, அடுப்பு தானா ஹாலுக்கு வந்து நின்னுச்சாம். "தள்ளி வச்சது நீயான்னு இவரை நான் திட்டிட்டேன் இசக்கி," ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

கம்பியும் குழியும் கைகலப்பு வரைக்கும் போச்சு. ஸ்டேஷன்ல சமாதானக் கூட்டம். இன்ஸ்பெக்டர் கஸ்தூரி மேடம் ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, கடைசியில என்னைப் பாத்தாங்க.

"ஏம்மா, தெருவை உண்டாக்கினது நீதானே?"

"ஆமா மேடம்."

"அப்போ நீயே முடி. ஞாயித்துக்கிழமை கடைசி. யாரு தெருன்னு சொல்லிட்டு முடிக்கிறியோ, சொல்லாம முடிக்கிறியோ, அது உன் பாடு. திங்கக்கிழமையில இருந்து நீ பஸ்லயும் பேசக் கூடாது, டிவியிலயும் எழுதக் கூடாது, செவத்துலயும் ஒட்டக் கூடாது. நானே பஸ்ல வந்து உக்காந்து பாப்பேன்."

மறுநாள் நயினார் மாமா கடைக்கு வந்தாரு. ஒரு காதுகுத்து பேனருக்கு நான் பிள்ளையோட கன்னத்தை வெள்ளையாக்கிக்கிட்டு இருந்தேன். சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"ஏளா, மேலத்தெருன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை?"

"சொன்னா அத்தான் எங்க மாமா போவாரு?"

"எந்த அத்தான்?"

"உங்க மகன்."

"எனக்கு மகன்னு ஒருத்தன் இருந்தா நீ இந்நேரம் எங்க வீட்டுல மருமவளால்ல இருக்கணும்? இங்க உக்காந்து எவன் கன்னத்துக்கோ பவுடர் போட்டுக்கிட்டு இருக்க!"

"அப்படி நடந்திருந்தா தினமும் உங்க கன்னத்துக்குத்தான் போட்டிருக்கணும் மாமா, தப்பிச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு, வந்ததை மீசைக்குள்ளயே அடக்கிட்டாரு. எந்திரிச்சு வாசலுக்குப் போனவரு திரும்பாமலே கேட்டாரு, "அங்க... வெயில் அடிக்குமா, அந்த வீட்டுல?"

"வேப்பமரம் இருக்கு மாமா."

"ம்," ன்னுட்டுப் போயிட்டாரு.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. காலையிலயே பஸ் ரொம்பி வழிஞ்சுது, படியில, பின்னாடி ஏணியில, கூரை மேலகூட ஆளு. நான் மினி பஸ்ஸோட ரெண்டு பக்கமும் வெள்ளை ஃப்ளெக்ஸ் சுத்திட்டேன், சொல்லச் சொல்ல அங்கேயே எழுதிரலாம், பஸ்ஸேதான் இன்னைக்குச் செவரு, மார்க்கரோட ரோஸியக்கா ஜன்னல்ல தொங்கிக்கிட்டு நின்னா. ஜெபராஜ் அண்ணன் ஃபோனும் கையுமா ஸ்டெப்னி மேல உக்காந்தாரு, அவரு அடிக்கிற ஒவ்வொரு வரியும் அப்பவே ஊரு டிவியில ஞாயித்துக்கிழமைப் படத்துக்குக் கீழ ஓடும். மூணும் ஒரே நேரத்துல! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. முன் சீட்டுல கஸ்தூரி மேடம். ஒரு பக்கம் சவரிமுத்து அண்ணாச்சி, அவரு ஆளுங்க. இன்னொரு பக்கம் நயினார் மாமா, பக்கத்துல சொர்ணம் அத்தை, அத்தையை மாமா கூட்டிட்டு வரல, அத்தையே பஸ் ஸ்டாப்புல வந்து நின்னு ஏறிட்டாங்க, பட்டுச்சேலை கட்டி, மடியில ஒரு தூக்குவாளியோட.

ஹார்டுவேர்ஸைத் தாண்டி இடது பக்கம் திரும்பினோம். நான் மைக்கைப் பிடிச்சேன். ராத்திரி பூரா எழுதி எழுதிக் கிழிச்சதுல ஒண்ணுமே உருப்படல. அதனால உண்மையையே சொன்னேன்.

"இந்தத் தெருவுல நான் வச்சது நீலக் கதவும் வேப்பமரமும்தான். மத்த எல்லாம் நீங்க வச்சது. கெணறு உங்களுது, ஊஞ்சல் உங்களுது, பெஞ்சு உங்களுது. என் கதை முடிஞ்சு போச்சு. மைக்கு இங்க இருக்கு."

மைக்கை சீட்டு மேல வச்சுட்டேன்.

மேடம் திரும்பினாங்க. "முடிஞ்சுதுன்னா ஆஃப் பண்ணும்மா."

"எனக்குத்தான் தடை மேடம். மைக்குக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியே."

யாரும் மைக்கைத் தொடல. அப்பத்தான் சைடு கண்ணாடி உரசிச்சு. கீய்ய்யினு ஒரு சத்தம். ரெண்டு பக்கத்துச் செவரும் கிட்ட வந்துக்கிட்டு இருந்துச்சு, வேப்பங்கிளை ஜன்னல் வழியா உள்ள நுழைஞ்சு ஒரு பிள்ளையோட தலையைத் தடவுச்சு, கொம்பையா அண்ணன் பிரேக் போட்டாரு, பஸ்ஸுக்கு முன்னாடி தெரு ஒரு சைக்கிள் அகலத்துக்கு வந்துருச்சு, அந்த இடுக்குக்கு அங்கிட்டு வினோலியா வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கா, பக்கத்துல பலவேசம் அத்தான், கதவு நிலையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, வீட்டைப் பிடிச்சு நிறுத்துற மாதிரி. தப்புக் கணக்குப் போட்டுட்டேனோ?

செல்லக்கிளியக்கா கூடையை அடுத்த ஆளு மடியில வச்சுட்டு மைக்கை எடுத்தா. "எப்பா டிரைவரு, என்ன நின்னுட்டீரு? வேப்பமரத்துக்கு அங்கிட்டு என் முட்டைக்கடை இருக்குல்லா, பெரிய கடை, ஃபேன் போட்ட கடை, அதைத் தாண்டி நிறுத்தும்வே!"

ரோஸியக்கா எழுதினா, ஜெபராஜ் அண்ணன் தட்டினாரு, தெரு மூச்சு இழுத்த மாதிரி விரிஞ்சுது. முட்டைக்கடை! ஃபேனோட! பஸ்ஸுக்குள்ள கிளம்பின சத்தத்துல கூரை மேல இருந்தவங்க என்ன என்னன்னு தட்டுனாங்க. அவ்வளவுதான், மைக்கு கை மாறி கை மாறிப் பறந்துச்சு, எனக்கு ஒரு தையல் மிஷினு வச்ச ரூம்பு, எனக்குப் பாட்டுக் கேக்க ஒரு மூலை, எங்க மாட்டுக்கு ஒரு தொட்டி, படிக்கிற பிள்ளைக்கு ஒரு லைப்ரரி, சொல்லச் சொல்லத் தெரு நீண்டு நீண்டு போகுது, பஸ் ஊர்ந்து ஊர்ந்து போகுது, முடிவு தெரியல. கீழத்தெருப் பொம்பளை ஒருத்தி எந்திரிச்சு, சவரிமுத்து அண்ணாச்சி ஏதோ சைகை காட்ட, "நீரு சும்மா இரும் அண்ணாச்சி, கொடிக்கம்பத்துல தண்ணி வராது" ன்னுட்டு, "இந்தத் தெருக் குழாய் நேராப் போயி எங்க கீழத்தெருவுல தெறக்குது, தண்ணி குபுகுபுன்னு கொட்டுது" ன்னு சொன்னா, சொல்லி வாய மூடல, கீழத்தெருவுல இருந்து அவ மகன் ஃபோன் பண்ணிட்டான், "எம்மா, கொடம் எங்க வச்சிருக்க?" சவரிமுத்து அண்ணாச்சி துண்டால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு, ரொம்ப நேரம் தொடைச்சாரு. கஸ்தூரி மேடம் மைக்கை வாங்கி, "ஆர்டர் ஆர்டர்தான், அது வேற" ன்னுட்டு, குரலைத் தாழ்த்தி, "குவார்ட்டர்ஸ்ல துணி காயப்போட எடமே இல்ல. யூனிபார்ம் காயவே மாட்டேங்குது. நல்லா வெயில் படுற ஒரு மொட்டை மாடி" ன்னாங்க. எழுதினோம். வந்துச்சு.

அப்புறம் மைக்கு நயினார் மாமா கைக்கு வந்துச்சு.

பஸ் ஒரு சுத்து சுத்தி, இல்ல, தெருவே சுத்தித்தான் எங்களைக் கொண்டுவந்திருக்கும், திரும்ப வேப்பமரத்துக்கிட்ட நின்னுச்சு. இந்த மைக்ல இந்த நேரத்துல அவரு என்ன சொன்னாலும் மூணுலயும் போகும், போனா நிஜமாயிரும், மேலத்தெருன்னு அவரு ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்த வீட்டு வாசல்ல நிக்கிற ரெண்டு பேரும் திரும்ப ஷட்டருக்குப் பின்னாடிதான். பலவேசம் அத்தான் அப்பாவைப் பாத்தாரு. தலையைக் குனியல. வினோலியா அவரு சட்டையைப் பின்பக்கமாப் பிடிச்சிருந்தா.

"சொல்லும்வே," ன்னாரு சவரிமுத்து அண்ணாச்சி. "உம்ம தெருன்னு சொல்லும். அதுக்குத்தானே ஏறி வந்தீரு."

மாமா தொண்டையைச் செருமினாரு. கமிட்டிக் கூட்டத்துல பண்ற மாதிரியே மைக்கை ரெண்டு தட்டு தட்டி, "ஹலோ, ஹலோ" ன்னாரு. அந்த வீட்டை மேலயும் கீழயும் பாத்தாரு. கூரையைப் பாத்தாரு, கதவைப் பாத்தாரு, வாசலைப் பாத்தாரு. மூஞ்சி கோவமா மாறுச்சு.

"எந்த மடையன் வச்சான் இந்தப் படியை?" ன்னு கத்தினாரு. "இம்புட்டு ஒசரத்துக்கு ஒத்தப் படி! முழங்கால் முடியாத பொம்பளை எப்படி ஏறுவா? கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? இதை எறக்கிப் போடணும். நடுவுல இன்னொரு படி வைக்கணும். பக்கத்துல பிடிச்சுக்கிட ஒரு கம்பி, வழுவழுன்னு, கையில குத்தாத கம்பி."

படி எவ்வளவு ஒசரம் வேணும்னு கையாலயே அளந்து காட்டினாரு.

மேடம் மெதுவாக் கேட்டாங்க, "அப்புறம், தெரு யாருதுன்னு...?"

"மொதல்ல நான் சொன்னதை எழுதச் சொல்லுங்க மேடம். படி முக்கியம்."

ரோஸியக்காவுக்குக் கை ஓடல, நான் மார்க்கரைப் பிடுங்கி எழுதினேன், தப்பும் தவறுமா எழுதினேன், ஜெபராஜ் அண்ணன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே தட்டினாரு. கல்லு கல்லோட உரசுற சத்தம் கேட்டுச்சு, படி எறங்குச்சு, நடுவுல இன்னொண்ணு முளைச்சுது, பக்கத்துல ஒரு கம்பி மெதுவா மேல வந்துச்சு. சொர்ணம் அத்தை அதுக்குள்ள தூக்குவாளியோட பஸ் வாசலுக்குப் போயாச்சு.

"கொம்பையா, நிறுத்துப்பா."

"நின்னுதானத்தே இருக்கு. மத்தாப்புத் தெரு ஸ்டாப்பு, பாத்து எறங்குங்க."

அத்தை எறங்கினாங்க. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டினாங்க. வினோலியா ஓடி வந்து தூக்குவாளியை வாங்கப் போக, "இரு, கொழம்பு சூடா இருக்கு, சிந்திரும்" னு அத்தை குடுக்கல, இன்னொரு கையை மட்டும் அவகிட்ட நீட்டினாங்க. மாமா சீட்டை விட்டு எந்திரிக்கவே இல்ல, ஜன்னல் வழியாவே பாத்துக்கிட்டு இருந்தாரு, கழுத்து மட்டும் நீண்டுக்கிட்டே போச்சு. கையில மைக்கு இருக்குறது அவருக்கு ஞாபகமே இல்ல. அவரு அடிச்ச அதட்டல் தெரு பூரா கேட்டுச்சு, அதையும் ஜெபராஜ் அண்ணன் வழக்கம் மாதிரி அப்படியே தட்டிட்டாரு, அதனால பனையடிப்பேட்டையில அன்னைக்கு டிவி போட்டிருந்த அத்தனை வீட்டுலயும், ஹீரோ பத்துப் பேரை அடிச்சுக்கிட்டிருந்த சண்டைக்குக் கீழ, செவப்பு எழுத்துல, இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும், மெதுவா ஒரு வரி ஓடிச்சு:

சொர்ணம், கம்பியைப் பிடிச்சு ஏறு.